மண்டை ஓட்டில் குற்றம் தேடியவர்

என் பெரியம்மா மகனுக்கு 26 வயது. வலக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருக்கிறார். ஒரு வேல், ஒரு மயில், அவற்றுக்குக் கீழே அவருடைய அம்மாவின் பெயர் தமிழில். சிங்கப்பூர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் வேலை நேர்காணலுக்கு அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார். கையைப் பார்த்த பிறகு எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் மாறிவிடுகின்றன என்பது அவருடைய அனுபவம்.

கடந்த தீபாவளிக்குப் பாட்டி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். நான் என்ன படிக்கிறேன் என்று அண்ணன் விசாரித்தார். உளவியலில் இரண்டாம் ஆண்டு என்றேன். வெளிநாட்டில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய பயிற்சித் தரவு ஒன்றை எங்கள் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்து, மறுபடியும் யார் குற்றம் செய்வார் என்று கணிக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். அதைப் பெருமையாகச் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். உன் கணினி இந்தக் கையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் நிரலை இயக்கிக் காட்டினோம். பத்தில் எட்டு முறை சரியாகக் கணிக்கிறது என்றோம். எங்கள் விரிவுரையாளர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. இந்தத் தரவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று மட்டும் கேட்டார். பிறகு செசாரே லொம்புரோசோ என்ற பெயரைப் பலகையில் எழுதி, இவரைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

படித்தேன். தரவுகளைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காண முயன்ற முன்னோடி அவர். அந்த முயற்சி எவ்வளவு பெரிய தவறில் போய் முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே பாடமாகவும் இருக்கிறது.

வெரோனாவில் பிறந்த மருத்துவர்

லொம்புரோசோ 1835 நவம்பர் 6ஆம் தேதி வடஇத்தாலியின் வெரோனா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது இத்தாலி என்ற ஒரே நாடு இருக்கவில்லை. வெரோனா ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பாவியா, பாதுவா, வியன்னா ஆகிய நகரங்களில் மருத்துவம் படித்த அவர், 1858இல் பாவியாவில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இராணுவ மருத்துவராகச் சேர்ந்தார்.

இராணுவத்தில்தான் அவருடைய அளவெடுக்கும் பழக்கம் வளர்ந்தது. இத்தாலியின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான வீரர்களின் உயரம், தலைச் சுற்றளவு, கை நீளம் என எல்லாவற்றையும் குறித்துவைத்தார். வீரர்களின் உடலில் இருந்த பச்சைக் குத்தல்களையும் பதிவு செய்தார். ஒழுங்காக நடந்துகொள்ளாத வீரர்களின் உடலில் ஆபாசமான பச்சைக் குத்தல்கள் அதிகம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது அண்ணனின் முழுக்கைச் சட்டை நினைவுக்கு வந்தது. 160 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவர் தம் ஏட்டில் எழுதிய சந்தேகம், இன்றைக்கும் நேர்காணல் அறையில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு திருடனின் மண்டை ஓடு

1861இல் இத்தாலி ஒன்றுபட்டது. ஆனால் வடக்கும் தெற்கும் மனத்தளவில் ஒன்றுபடவில்லை. ஏழ்மையில் கிடந்த தெற்கில் புதிய அரசுக்கு எதிராகக் கலகங்கள் வெடித்தன. அவற்றை அடக்கப் படை அனுப்பப்பட்டது. வடக்கே படித்தவர்கள் பலர் தெற்கத்தியரை நாகரிகம் அறியாதவர்களாகவும் பிறவிக் கொள்ளையர்களாகவும் பார்த்தார்கள். 1862இல் தென்கோடியில் உள்ள கலாப்ரியா பகுதியில் லொம்புரோசோ சில மாதங்கள் பணியாற்றினார்.

அதே கலாப்ரியாவைச் சேர்ந்தவர் ஜுசெப்பே வில்லெல்லா. தண்டனை பெற்று வடக்கே கொண்டுவரப்பட்ட அவர், 1864இல் பாவியாவில் இறந்தார். அவருடைய மண்டை ஓடு லொம்புரோசோ கைக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்தபோது, பின்பக்கத்தின் உட்புறத்தில், வழக்கமாக ஒரு மேடு இருக்கவேண்டிய இடத்தில் சிறு பள்ளம் இருப்பதைக் கண்டார். கீழ்நிலைக் குரங்குகள் போன்ற விலங்குகளில் காணப்படும் அமைப்பு அது என்று அவர் கருதினார்.

டார்வினின் பரிணாமக் கொள்கை ஐரோப்பாவையே உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. லொம்புரோசோவின் மனத்தில் ஒரு முடிவு பளிச்சென்று தோன்றியது. குற்றவாளி நம்மைப் போன்ற மனிதனல்லன். பரிணாமப் பாதையில் பின்தங்கி, ஆதி மனிதனின் குணத்தோடு இந்தக் காலத்தில் பிறந்துவிட்டவன் என்று அவர் நம்பினார். 1871இல் இந்த மண்டை ஓட்டைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய 40 ஆண்டுகள் உழைத்ததெல்லாம் அந்த ஒரு பள்ளத்தின் மேல் கட்டிய மாளிகைதான்.

வில்லெல்லாவைப் பெரிய கொள்ளைக்காரராக லொம்புரோசோ வருணித்தார். ஆவணங்களைத் தேடிப் பார்த்த பிற்கால ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததோ சில்லறைத் திருட்டு வழக்குதான்.

புகழின் உச்சி

1876இல் லொம்புரோசோ தூரின் பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவப் பேராசிரியரானார். அதே ஆண்டில் குற்றவாளி மனிதன் என்று பொருள்படும் தலைப்பில் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஒரே தொகுதியாக வந்த அந்த நூல், 1897க்குள் ஐந்தாம் பதிப்பு கண்டு பல தொகுதிகளாகப் பெருத்துவிட்டது.

நூல் முழுவதும் தரவுகள். இறந்த கைதிகளின் நூற்றுக்கணக்கான மண்டை ஓடுகள், உயிரோடிருந்த ஆயிரக்கணக்கான கைதிகளின் உடல் அளவுகள், புகைப்படங்கள், கையெழுத்து மாதிரிகள், சிறைச் சுவர்க் கிறுக்கல்கள், பச்சைக் குத்தல்கள் என்று அவர் சேர்க்காதது எதுவுமில்லை. அவற்றிலிருந்து பிறவிக் குற்றவாளியின் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். பெரிய தாடை, துருத்திய கன்ன எலும்பு, குடத்தின் கைப்பிடி போல விரிந்த காது, நீண்ட கை, வலியை அதிகம் உணராத உடல் ஆகியவை அதில் அடங்கும்.

அவர் செய்ததில் நல்லதும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதுவரை சட்டம் குற்றத்தை மட்டுமே பார்த்தது. ஒரே குற்றத்துக்கு எல்லாருக்கும் ஒரே தண்டனை. குற்றம் செய்த மனிதனையும் பார்க்க வேண்டும், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று வலியுறுத்தியவர் லொம்புரோசோ. விசாரணையின்போது சந்தேக நபரின் இரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று கருவி கொண்டு அளந்து பார்த்தார். பொய் கண்டறியும் கருவியின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. குற்றவியல் என்ற துறையின் தந்தையரில் ஒருவராக அவரைக் குறிப்பிடுவதற்குக் காரணங்கள் இவை.

ஆனால் அவருடைய பட்டியல் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றத்துக்கும் போனது. ஒரு பெண் கொலையான வழக்கில் அவருடைய மாற்றாந்தாய் மகன்கள் இருவர்மீது சந்தேகம் எழுந்தது. இருவரில் யார் என்று லொம்புரோசோவிடம் கேட்டார்கள். தாடையையும் கன்னத்தையும் உதட்டையும் தலையையும் பார்த்து, ஒருவனைப் பிறவிக் குற்றவாளிக்குச் சரியான எடுத்துக்காட்டு என்று அவர் சுட்டிக்காட்டினார். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. இந்த வழக்கைத் தம் முறையின் வெற்றிகளில் ஒன்றாகவே லொம்புரோசோ எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குச் சிறிது நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

நடக்காமல் போன சோதனை

இவ்வளவு தரவு இருந்தும் எங்கே தவறினார்? ஒரு சிறு கணக்குப் போட்டால் புரியும்.

ஒரு சிறையில் 100 கைதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேருக்கு விரிந்த காது. அதிகம் போலத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் சிறைக்கு வெளியே இருக்கும் 100 பேரை எண்ணிப் பார்க்காமல் அதற்கு ஒரு பொருளும் இல்லை. வெளியிலும் 20 பேருக்கு அப்படிக் காது இருந்தால், காதுக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை.

சரி, வெளியே 10 பேருக்குத்தான் என்றே கொள்வோம். கைதிகளிடையே இரு மடங்கு. இப்போதாவது காதைப் பார்த்துக் குற்றவாளியைச் சொல்லிவிடலாமா? ஓர் ஊரில் 10,000 பேர் இருக்கிறார்கள், அவர்களில் குற்றம் செய்தவர்கள் 100 பேர் என்றால், விரிந்த காதுள்ள குற்றவாளிகள் 20 பேர். மீதி 9,900 நல்லவர்களில் விரிந்த காதுள்ளவர்கள் 990 பேர். ஆக, காதை வைத்து 1,010 பேரைப் பிடித்தால் அதில் 990 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

லொம்புரோசோ ஒப்பிட்டே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இராணுவ வீரர்களோடு ஒப்பிட்டார். ஆனால் அந்த ஒப்பீட்டில் கட்டுப்பாடு இல்லை. குற்றவாளியிடம் அடையாளம் தெரிந்தால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்வார். நல்லவரிடம் அதே அடையாளம் தெரிந்தால் அதற்கு வேறொரு விளக்கம் வைத்திருப்பார். எந்த முடிவு வந்தாலும் தோற்காத கொள்கை அது. அப்படிப்பட்ட கொள்கையை அறிவியல் என்று சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தரப்பட்ட பாடம்.

அவர் காலத்திலேயே சிலர் இதை நேருக்கு நேர் எடுத்துச் சொன்னார்கள். 1889இல் பாரிஸில் நடந்த குற்றவியல் மாநாட்டில் பிரெஞ்சு அறிஞர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். மண்டை ஓட்டைவிட மனிதன் வாழும் சமூகச் சூழல்தான் முக்கியம் என்பது அவர்கள் வாதம். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 100 குற்றவாளிகளையும் 100 நேர்மையானவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க எழுவர் குழு அமைக்கப்பட்டது. லொம்புரோசோவும் அதில் ஓர் உறுப்பினர்.

அந்தச் சோதனை நடக்கவே இல்லை. 1892இல் பிரசல்ஸில் அடுத்த மாநாடு கூடியபோது லொம்புரோசோவும் இத்தாலியத் தோழர்களும் அங்கே போகவில்லை. தம் வாழ்நாள் உழைப்பு சரியா தவறா என்று தெரிந்துகொள்ளக் கிடைத்த நல்ல வாய்ப்பு அப்படியே கைநழுவியது.

அதே கண்கள் பார்த்த இன்னொரு காட்சி

லொம்புரோசோவை ஈவிரக்கம் இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. வடஇத்தாலிய விவசாயிகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டி வதைத்தது. தோல் உரிந்து, புத்தி பேதலித்து, பலர் மனநல விடுதிகளில் இறந்தார்கள். அவர்களுடைய ஒரே உணவு மக்காச்சோளம்தான் என்பதை அவர் கவனித்தார். கெட்டுப்போன சோளத்தில் உண்டாகும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று சொல்லி, ஏழைகளுக்கு நல்ல உணவு கிடைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். பின்னாளில் சமதர்மக் கட்சியிலும் சேர்ந்தார்.

நஞ்சு என்ற விளக்கம் தவறு. வெறும் சோளத்தையே உண்பவர்களுக்கு ஒரு வைட்டமின் போதுமான அளவு கிடைப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு வியப்பு இதுதான். பசியால் நோயாளியாகும் ஏழையை அடையாளம் கண்ட அதே மனிதர், சிறையில் கிடந்த ஏழையிடம் காதையும் தாடையையும் மட்டும் பார்த்தார். வறுமை, கல்வி, தட்பவெப்பம் ஆகியவற்றையும் பிந்தைய பதிப்புகளில் சேர்த்துக்கொண்டார். பிறவிக் குற்றவாளிகளின் விகிதத்தையும் குறைத்துக்கொண்டே வந்தார். ஆனால் வில்லெல்லாவின் மண்டை ஓட்டை மட்டும் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

1897இல் ரஷ்யா சென்றபோது, எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயை அவருடைய பண்ணை வீட்டில் சந்தித்தார். இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்த டால்ஸ்டாயின் புத்துயிர்ப்பு நாவலில், கதாநாயகன் லொம்புரோசோ உள்ளிட்டோரின் நூல்களைப் படித்துப் பார்க்கிறான். சில மனிதர்கள் வேறு சில மனிதர்களை எந்த உரிமையில் அடைத்துவைக்கிறார்கள் என்ற அவனுடைய கேள்விக்கு அவற்றில் விடை கிடைக்கவில்லை.

கண்ணாடிக் குடுவைக்குள்

லொம்புரோசோ 1909 அக்டோபர் 19ஆம் தேதி தூரினில் காலமானார். தம் உடலையும் ஆய்வுக்கு எழுதிவைத்திருந்தார். அவருடைய எலும்புக்கூடும், குடுவையில் பாதுகாக்கப்பட்ட தலையும் அவர் சேர்த்த மண்டை ஓடுகளோடு தூரின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. தாம் நம்பியதற்குத் தம் தலையையே கொடுத்தவர் என்ற வகையில் அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க முடியாது. ஆனால் நேர்மையானவரும் தவறலாம்.

அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1913இல், இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்ல்ஸ் கோரிங் தம் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, பல்கலைக்கழக மாணவர்கள், இராணுவ வீரர்கள் எனச் சிறைக்கு வெளியே இருந்தவர்களோடு ஒப்பிட்டிருந்தார். குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு எதுவும் கிடையாது என்பது அதில் தெரிந்தது. கோரிங்கின் ஆய்விலும் குறைகள் உண்டு. ஆனாலும் லொம்புரோசோ தட்டிக்கழித்த ஒப்பீட்டை ஒருவர் கடைசியில் செய்துமுடித்தார்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2016இல் ஷாங்ஹாயில் இரண்டு ஆய்வாளர்கள் 1,856 முகப் படங்களைக் கணினிக்குக் கொடுத்து, குற்றவாளியையும் மற்றவரையும் 90 விழுக்காட்டுக்கு நெருக்கமாகப் பிரித்தறிய முடிகிறது என்று அறிவித்தார்கள். படங்களை உற்றுப் பார்த்த மற்ற ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். குற்றவாளிகள் அல்லாதவர்களின் படங்களில் புன்னகையின் சாயல் இருந்தது. பலர் காலர் வைத்த சட்டை அணிந்திருந்தார்கள். கணினி கற்றுக்கொண்டது குற்றத்தை அல்ல, சட்டைக் காலரை என்பது அவர்கள் விமர்சனம்.

அதே ஆண்டில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தின் நீதிமன்றங்கள் பயன்படுத்திய கணிப்பு நிரல் ஒன்றைச் செய்தியாளர்கள் ஆராய்ந்தார்கள். பிறகு எந்தக் குற்றமும் செய்யாதவர்களிலும், வெள்ளையரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கறுப்பினத்தவரை அது ஆபத்தானவர்களாகக் குறித்திருந்தது. நிரலைத் தயாரித்த நிறுவனம் அந்த ஆய்வு முறையை மறுத்தது. எது நியாயமான கணிப்பு என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

தரவைக் கொண்டு குற்றவாளியைத் தேடுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 1986இல் லண்டன் வட்டாரத்தில் தொடர் குற்றங்கள் நடந்தபோது, உளவியலாளர் டேவிட் கேன்டர் அவை நடந்த இடங்களையும் குற்றவாளியின் நடத்தையையும் ஆராய்ந்து, அவன் எங்கே வசிக்கக்கூடும் என்று கணித்துக் காவல்துறைக்கு உதவினார். அவர் தொடங்கிய இடம் நடந்த குற்றம். லொம்புரோசோ தொடங்கிய இடம் பிடிபட்டவரின் முகம். வேறுபாடு அங்கேதான்.

எங்கள் நிரலுக்கு மீண்டும் வருகிறேன். எங்கள் தரவில் பச்சைக் குத்தல் பற்றிய விவரமே இல்லை. ஆகவே அண்ணனின் கேள்விக்கு, கையைக் கணினி பார்க்காது என்று நிம்மதியாகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வயது, பள்ளியை விட்ட வயது, எத்தனை முறை வேலை மாறினார் என்ற விவரங்கள் இருந்தன. அண்ணன் உயர்நிலை மூன்றிலேயே படிப்பை நிறுத்தியவர். நான்கு வேலை மாறியிருக்கிறார். ஒருநாளும் அவர்மீது எந்தப் புகாரும் இருந்ததில்லை.

ஓர் இரவு அவருடைய விவரங்களை நிரலில் இட்டுப் பார்த்தேன். ஆபத்து அதிகம் என்று காட்டியது.

நிரல் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்த மனிதர்கள் எல்லாருமே ஒருமுறையாவது சிறைக்குப் போனவர்கள். படிப்பை விட்டும், வேலை மாறியும், யாருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்கிறவர்களை நாங்கள் அதற்குக் காட்டவே இல்லை. தரவில் யார் இல்லை என்று விரிவுரையாளர் கேட்டதற்கு விடை என் குடும்பத்திலேயே இருந்தது.

அறிக்கையைத் திருத்தி எழுதினோம். பத்தில் எட்டு என்ற வரியை முதல் பக்கத்திலிருந்து எடுத்தோம். இந்த நிரலை யாரிடம் பயன்படுத்தக்கூடாது என்று இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தோம். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது.

அன்று இரவு திரையில் பார்த்ததை அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பெரியம்மா வீட்டில் இந்த நாளிதழ் வாங்குகிறார்கள். இதைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அவருடைய கேள்விக்கு அன்று சிரித்து மழுப்பியதற்கு, இதுதான் என் பதில்.